கச்சான் வெண்ணெயும் வீட்டுச் சிக்கனமும்

பாணுக்கும் ரொட்டிக்கும் தடவி உண்பதற்கென்று கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து விற்கப்படும் பொருள்களுள் ‘பீனட் பட்டர்’ என்பதும் ஒன்று. தமிழில் இதனை நாம் கடலை வெண்ணெய் என்றோ, இலங்கை வழக்கையொட்டிக் கச்சான் வெண்ணெய் என்றோ கூறலாம். பெருநகரத்துக் கடைகளுக்கே உரியதாக ஒருகாலத்தில் எண்ணப்பட்ட இப்பொருளைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இன்று பெயர் சொல்லிக் கேட்கின்றனர். இரத்தினபுரி மாவட்டத்தின் தென்மேற்கிலே, சிங்கராச வனத்தின் ஓரத்திலே, தேயிலையும் இறப்பரும் கலந்து விளையும் கலவானப் பகுதியில் வாழும் தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு அப்போத்தலின் விலை எளிதானதன்று. 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாயாகவும், 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தைக் கொண்டு அரிசி, மா, பருப்பு, தேங்காய் அனைத்தையும் வாங்க வேண்டிய தாய், அந்தப் போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் தட்டிலேயே வைத்துவிடுவாளாயின் அதில் வியப்பில்லை.

ஆயினும் அவள் வைத்துவிட்டுச் செல்வது வெறும் ஆடம்பரப் பண்டமா, அல்லது பிள்ளைக்குப் பயன்படக்கூடிய உணவா? உணவேயாயின், அதனை மலிவாகப் பெறும் வழி உண்டா? எந்த இடத்தில் சிக்கனம் செய்யலாம், எந்த இடத்தில் சிக்கனம் செய்தல் கூடவே கூடாது? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் பொருளின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. கொட்டை என்று நாம் வழங்கினாலும் அது அவரை, பயறு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த செடியே ஆகும். பூ நிலத்தின் மேலே மலர்கின்றது. கருவுற்றபின் அதன் காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அங்கே காய் முற்றுகின்றது. ஐரோப்பியக் கடலோடிகளின் வழியே ஆபிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் இது பரவிற்று. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் இதனை மணிலாக்கொட்டை என்றும், அச்சொல் மருவி மல்லாட்டை என்றும் அழைப்பது பிலிப்பைன் தீவுகளின் தலைநகரை நினைவூட்டுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் ஆர்க்காட்டுப் பகுதியில் விளைந்த கடலை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சு நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. அதே நூற்றாண்டில்தான் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து நம் தோட்டங்களின் முன்னோரும் கடல் கடந்து இங்கு வந்தனர். கடலை என்பது அவர்கள் அறியாத புதுமைப் பொருளன்று. புதுமையாக வந்தது போத்தலும் அதன்மேல் ஒட்டிய சீட்டுமே ஆகும்.

கடலையை அரைத்து விழுதாக்கி உண்ணும் வழக்கம் தென் அமெரிக்கப் பழங்குடிகளிடம் முன்னரே இருந்தது. தற்கால முறையில் அதனைத் தொழிலாக்கியவர் ஒருவரல்லர், பலர். கனடா நாட்டு மொன்றியல் நகரைச் சேர்ந்த மார்செலஸ் கில்மோர் எட்சன் என்பவர் 1884ஆம் ஆண்டில் வறுத்த கடலையை அரைத்து விழுதாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மருத்துவர் ஜோன் ஹார்வி கெலொக் என்பவர், புலால் உண்ணாத தம் மருத்துவ விடுதி நோயாளருக்கு ஏற்ற உணவாக, அவித்த கடலையிலிருந்து விழுது செய்யும் முறையொன்றை 1895ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1903ஆம் ஆண்டில் ஆம்பிரோஸ் ஸ்திராப் என்பவர் இதனை அரைப்பதற்கென்றே ஓர் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற புகழ்பெற்ற நீக்ரோ இன வேளாண் அறிஞரே இதனைக் கண்டுபிடித்தார் என்று பலர் கூறுவர், அது சரியன்று. கடலையைப் பயன்படுத்தும் நூற்றுக்கு மேற்பட்ட வழிகளை 1916ஆம் ஆண்டில் ஏழை உழவருக்காக எழுதி வெளியிட்டவர் அவர். ஆனால் கடலை வெண்ணெய் அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது.

இவ்வுணவில் பால் வெண்ணெய் ஒரு துளியும் இல்லை என்பதை நாம் மறத்தலாகாது. ஒல்லாந்தர் தம் மொழியில் இதனைக் ‘கடலைப் பாற்கட்டி’ என்று அழைக்கின்றனர். காரணம், வெண்ணெய் என்னும் பெயரைப் பாலிலிருந்து எடுத்த வெண்ணெய்க்கே அந்நாட்டுச் சட்டம் ஒதுக்கி வைத்திருந்தது. பெயர் எதுவாயினும், உள்ளே இருப்பது வறுத்து அரைத்த கடலையே. அல்லது கடலையாகவே இருத்தல் வேண்டும்.

‘இருத்தல் வேண்டும்’ என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. அரைத்த கடலையைச் சும்மா வைத்தால் எண்ணெய் மேலே மிதந்து பிரியும். இதனைத் தடுக்க, 1920களின் தொடக்கத்தில் ஜோசப் ரோஸ்பீல்ட் என்பவர் ஐதரசன் வாயுவேற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயைச் சிறிதளவு சேர்க்கும் முறையைக் கண்டார். போத்தல் நெடுநாள் கடையில் இருக்கவும், தொலைதூரம் பயணம் செய்யவும் அது வழி செய்தது. அதனோடு, கடலையைக் குறைத்து மலிவான எண்ணெயையும் சர்க்கரையையும் மிகுக்கும் ஆசையும் பிறந்தது. கடலை வெண்ணெய் என்ற பெயருடன் விற்கும் பொருளில் எவ்வளவு கடலை இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கத்துக்கும் ஆலை முதலாளிகளுக்கும் இடையே 1959ஆம் ஆண்டில் எழுந்த வழக்கு பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. அரசாங்கம் முதலில் 95 சதவீதம் கேட்டது. முதலாளிகள் குறைத்துக் கேட்டனர். இறுதியில் 90 சதவீதம் என்று முடிவாயிற்று. ஒரு விழுதின் பொருட்டு வழக்கறிஞர்கள் இத்தனை ஆண்டு வாதாடினார்கள் என்றால், அந்தச் சில சதவீதங்களில் எவ்வளவு பணம் அடங்கியிருந்தது என்பதை நாம் உணரலாம்.

இனி, இவ்வுணவு நமக்குத் தேவைதானா என்ற கேள்விக்கு வருவோம். நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும், 49 கிராம் கொழுப்பும் உண்டு. அது தரும் வெப்பசக்தி ஏறத்தாழ 570 கலோரி. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 32 கிராம் அளவு கடலை வெண்ணெய், ஏழு கிராமுக்குக் குறையாத புரதத்தைத் தருகின்றது. ஒரு கோழி முட்டையில் உள்ள புரதம் சுமார் ஆறு கிராம். பால் வெண்ணெயிலோ மாஜரினிலோ புரதம் இல்லை என்றே கூறலாம். அவை கொழுப்பு மட்டுமே. ஆகவே ரொட்டியில் தடவும் பொருள் என்ற வகையில் கடலை விழுது அவ்விரண்டையும் விடப் போசாக்கு மிகுந்தது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2016ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய குடித்தொகை, சுகாதாரக் கணிப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தோர் 17.3 சதவீதம். தோட்டப்புறங்களிலோ அது 31.7 சதவீதமாக இருந்தது. அஃதாவது, தோட்டத்துப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் குன்றிய வளர்ச்சியுடையவர். அதன்பின் 2022ஆம் ஆண்டில் வந்த பொருளாதார நெருக்கடியில், அவ்வாண்டு செப்டெம்பர் மாதம், கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கிற்று. ஆண்டுக்கு முன் வாங்கிய அதே கூடைக்கு ஏறத்தாழ இரு மடங்கு பணம் தேவைப்பட்டது. அத்தகைய காலங்களில் ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டுமே காலை உணவாகிவிடுகின்றன. அந்த ரொட்டியின்மேல் இரண்டு கரண்டி கடலை விழுது சேருமாயின் பிள்ளைக்குக் கிடைப்பது வெறும் சுவை மட்டுமன்று.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. புரதம் பல சிறு பகுதிகளால் ஆனது. அவற்றுள் லைசின் என்ற பகுதி கோதுமையில் குறைவு, கடலையிலும் குறைவே. எனவே ரொட்டியும் கடலையும் சேர்ந்தாலும் அந்தக் குறை முழுதும் தீராது. பருப்பு, பயறு, பால், முட்டை, கருவாடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அன்றைய உணவில் சேரவே வேண்டும். கடலை விழுது பருப்புக் கறிக்குத் துணையேயன்றி அதற்குப் பதிலாகாது.

இப்பொழுது கடைக்குச் செல்வோம். போத்தல் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது விலையன்று, நிகர எடை. ஒரு போத்தல் 340 கிராம். மற்றொன்று 510 கிராம். வேறொன்று தோற்றத்தில் பெரிதாயினும் எடையில் சிறிது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு நிறுவனம், போத்தலின் உயரத்தையும் அகலத்தையும் மாற்றாமல் அதன் அடிப்பகுதியை உட்குழிந்ததாகச் செய்து, உள்ளிருக்கும் பண்டத்தை 18 அவுன்சிலிருந்து 16.3 அவுன்சாகக் குறைத்தது. தட்டில் வரிசையாக நிற்கும்போது அந்தக் குழி யார் கண்ணுக்கும் படாது. எனவே விலையை எடையால் வகுத்து, நூறு கிராமுக்கு எவ்வளவு என்று காண்பதே சரியான வழி. 340 கிராம் போத்தலின் விலையை 3.4ஆல் வகுக்க, 510 கிராம் போத்தலின் விலையை 5.1ஆல் வகுக்க. பள்ளியில் பின்னக் கணக்குப் படிக்கும் பிள்ளையிடம் இப்பொறுப்பைக் கொடுத்தால் அவனுக்கும் அது ஒரு பயிற்சியாகும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது உள்ளடக்கப் பட்டியல். பொருள்களின் பெயர்கள் அளவின் இறங்குமுறையிலே எழுதப்படுவது வழக்கம். கடலை முதலிலும் உப்பு கடைசியிலும் இருந்து, இடையில் ஒன்றுமில்லையாயின் அது நல்லது. கடலைக்கு அடுத்துச் சர்க்கரையும் தாவர எண்ணெயும் வருமாயின், கடலையின் விலையில் நாம் சீனியையும் எண்ணெயையும் வாங்குகின்றோம் என்பது பொருள். பின்னும், முத்திரையிட்ட உச்ச சில்லறை விலையையும் காலாவதித் திகதியையும் பார்த்தல் வேண்டும். திகதி நெருங்கியதால் விலை குறைத்து விற்கும் போத்தல், உடனே உண்டு முடிக்கக்கூடிய பெரிய குடும்பத்துக்கு இலாபம்; மெதுவாக உண்பவருக்கு நட்டம்.

போத்தலை விட்டுக் கடலையையே வாங்கி வீட்டில் அரைப்பது எப்படி என்பதை இனிக் காண்போம். கச்சான் கலவானப் பகுதியில் விளையும் பயிரன்று. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் அம்மண் தேயிலைக்கு உகந்தது. காய் முற்றும் காலத்தில் வறண்ட வெயிலை வேண்டும் கடலைக்கு உகந்ததன்று. மொனராகலை, அம்பாந்தோட்டை, புத்தளம், முல்லைத்தீவு முதலிய வறண்ட பகுதிகளிலிருந்தே நமக்குக் கடலை வருகின்றது. பெரும்போகத்தின் அறுவடை சனவரி, பெப்ரவரி மாதங்களை ஒட்டியும், சிறுபோகத்தின் அறுவடை ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை ஒட்டியும் சந்தைக்கு வரும். பொதுவாக அப்பொழுதுதான் பண்டம் புதிதாகவும் விலை தாழ்ந்தும் இருக்கும்.

தோலோடு வாங்குவதா, உடைத்த பருப்பாக வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. தோலோடு கூடிய ஒரு கிலோவை உடைத்தால் ஏறக்குறைய 650 முதல் 700 கிராம் பருப்புக் கிடைக்கும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எனவே தோலோடு கூடிய கடலையின் விலையை இரண்டால் வகுத்து மூன்றால் பெருக்கினால், அதிலுள்ள பருப்பின் உண்மையான விலை தெரியும். தோலோடு கிலோ 600 ரூபாய் என்றால் பருப்புக் கிலோ 900 ரூபாய் ஆகின்றது. கடையில் உடைத்த பருப்பு இதற்கு மேல் விற்றால் தோலோடு வாங்குவது இலாபம். இதற்குக் கீழே விற்றால் பருப்பு இலாபம். காயைக் குலுக்கிப் பார்த்துப் பொக்குக் காய்கள் மிகுதியாயின் கணக்கு மாறும் என்பதையும் மறவாதீர்கள். அவித்த கச்சான் விழுதுக்கு ஆகாது. பொரித்து உப்பிட்டுப் பொட்டலமாக விற்பதற்குக் கூலியும் எண்ணெயும் விலையில் ஏறியிருக்கும். பச்சைப் பருப்பே நமக்கு வேண்டியது.

இவ்விடத்தில்தான் சிக்கனம் செய்யக்கூடாத இடம் வருகின்றது. நேயர்கள் இதனைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பண்ணைகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றிற்கு இட்ட தீவனத்தை ஆராய்ந்தபோது, அதில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் நஞ்சை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. அந்த நஞ்சுக்கு அபிளாடொக்சின் என்று பெயரிட்டனர். அது ஈரலைத் தாக்குவது. ஈரலிற் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக அறிஞர்கள் ஐயமின்றி முடிவு செய்துள்ளனர். உலக உணவு நியமக் குழு, மேலும் பதனிடுவதற்குரிய கடலையில் ஒரு கிலோகிராமுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் அந்நஞ்சு இருத்தலாகாது என்று வரையறுத்துள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எவ்வளவு நுண்ணிய அளவுக்கு அறிஞர்கள் அஞ்சுகின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்நஞ்சுக்குத் தனியான நிறமோ மணமோ நாவில் உணரும் சுவையோ இல்லை. வறுத்தால் சிறிது குறையுமேயன்றி முழுதும் அழியாது. ஆகவே, ‘நன்றாக வறுத்துவிட்டால் போகும்’ என்ற எண்ணம் ஆபத்தானது. ஆனால் இயற்கை நமக்கு ஓர் உதவி செய்துள்ளது. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பூஞ்சணம் பிடித்த, நிறம் மாறிய, சுருங்கிய, பூச்சி துளைத்த சில பருப்புகளிலேயே பெரும்பாலும் திரண்டிருக்கின்றது. அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டால் நஞ்சின் பெரும்பகுதியும் அவற்றோடு போய்விடும். பெரிய ஆலைகளில் இயந்திரக் கண்கள் செய்யும் இவ்வேலையை வீட்டில் சுளகும் பகல் வெளிச்சமும் செய்யும். பச்சைப் பருப்பை ஒரு முறையும், வறுத்துத் தோல் நீக்கியபின் மறு முறையுமாக இருமுறை தெரிய வேண்டும். தோலின் கீழே மறைந்திருந்த கருமையும் மஞ்சளும் இரண்டாம் முறையில்தான் வெளிப்படும்.

கிலோவுக்கு ஐம்பது கிராம் கழிந்தால் கழியட்டும். அதனைக் கோழிக்கும் இடாதீர்கள். வான்கோழிகளுக்கு நேர்ந்ததை இப்பொழுதுதானே கூறினோம். மூட்டையின் அடியில் தங்கிய நொறுங்கலைப் பாதி விலைக்குத் தருவதாக ஒரு வியாபாரி கூறினால், அந்தப் பாதி விலையும் மிகையே. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் கலவானையையும் இரத்தினபுரி மாவட்டத்தின் பல பகுதிகளையும் வெள்ளம் சூழ்ந்ததை யாவரும் அறிவர். அத்தகைய வெள்ளத்தில் நனைந்த கடலையையும் தானியத்தையும் மீண்டும் காயவைத்து உண்ண முயலலாகாது. காய்வது ஈரம் மட்டுமே; முன்னரே உண்டான நஞ்சு அங்கேயே நிற்கும்.

இனிச் செய்முறை. தெரிந்த பருப்பை அடிகனத்த தாச்சியில் மெல்லிய தீயில் வைத்துக் கைவிடாமல் கிளறி வறுக்க வேண்டும். கழுவிக் காயவைத்த மணலை முதலில் சூடாக்கி அதில் வறுத்தால் வெப்பம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சேரும். பின்னர் மணல் ஒட்டாதவாறு சல்லடையில் அரித்தெடுக்க வேண்டும். தீ மிகுந்தால் மேலே கருகி உள்ளே பச்சையாகவே நிற்கும். பதினைந்து, இருபது நிமிடத்தில் தோல் எளிதாகக் கழன்று, உடைத்த பருப்பின் உட்புறம் இளம்பொன் நிறமாகத் தோன்றுவதே பதம். சூடு சிறிது தணிந்ததும் துணியில் இட்டுத் தேய்த்துச் சுளகில் புடைத்தால் தோல் பறந்துவிடும்.

இளஞ்சூடு இருக்கும்போதே அரைக்கத் தொடங்க வேண்டும். மின்சார அரைகலமாயின் சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு மீண்டும் ஓட்டுக. முதலில் மாவாகும், பின்னர் உருண்டையாகத் திரண்டு ஓட மறுக்கும். ‘இது விழுதாகாது’ என்று பலர் இந்த நிலையில்தான் தண்ணீர் தெளித்துவிடுகின்றனர். அது பெரும் பிழை. சற்றுப் பொறுத்து அரைத்தால், பருப்பின் கண்ணறைகள் உடைந்து அவற்றுள் இருக்கும் எண்ணெய் வெளிவந்து, திரண்டது தானே இளகும். பருப்பில் பாதி எண்ணெயே. வேறு எண்ணெய் தேவையில்லை. ஒரு சொட்டு நீர் சேர்ந்தாலும் விழுது இறுகுவதோடு சில நாளில் பூஞ்சணமும் பிடிக்கும். மின்சாரம் இல்லாத வீட்டில் அம்மியே போதும். நன்றாகத் துடைத்துக் காய்ந்த அம்மியாக இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத தூள் உப்புச் சேர்க்கலாம். சீனி விருப்பத்தைப் பொறுத்தது. சேர்க்காமல் பழகுவது பிள்ளையின் பல்லுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

வைத்துக் காப்பதில் கலவான போன்ற ஈரலிப்பான இடங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். வெந்நீரில் கழுவி முற்றிலும் உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் அடைத்து, வெளிச்சமும் வெப்பமும் படாத மூலையில் வைக்க வேண்டும். ஈரக் கரண்டியை உள்ளே விடுதல் ஆகாது. இரண்டு, மூன்று வாரத்திற்குத் தேவையான அளவே செய்வது நன்று. எண்ணெய் மேலே மிதந்தால் அதனைக் கிளறிக் கலக்க வேண்டுமேயன்றி ஊற்றிவிடலாகாது. ஊற்றினால் அடியில் நிற்பது வறண்ட கட்டியாகிவிடும். காறல் நாற்றம் வந்தால் எறிந்துவிட வேண்டும். வறுக்காத பருப்பை அடுப்புக்கு மேலுள்ள பரணில், இறுக மூடிய தகரத்தில் வைக்கும் பழைய வழக்கம் ஈரத்திலிருந்து காக்க வல்லது. ஆனால் அரைத்த விழுதை அங்கே வைத்தால் அடுப்பின் வெப்பமே அதனைக் காறச் செய்யும்.

இப்பொழுது இலாப நட்டக் கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்காகப் பச்சைப் பருப்புக் கிலோ 1000 ரூபாய் என்று கொள்வோம். உங்கள் ஊர்க் கடையின் விலையை இவ்விடத்தில் நீங்கள் இட்டுக்கொள்ளலாம். கழித்தெறிந்தது 50 கிராம். வறுத்ததால் போன ஈரமும் புடைத்த தோலும் பாத்திரத்தில் ஒட்டியதுமாக 100 கிராம். எஞ்சும் விழுது 850 கிராம். விறகுக்கும் மின்சாரத்துக்கும் 50 ரூபாய் சேர்த்தால் மொத்தச் செலவு 1050 ரூபாய். நூறு கிராமுக்கு ஏறத்தாழ 124 ரூபாய். போத்தலில் விற்பதன் நூறு கிராம் விலையை முன் கூறியபடி கண்டு, இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் சிறிதாயின், போத்தலையே வாங்குவது தவறன்று. ஏனெனில் இக்கணக்கில் நாம் எழுதாத செலவொன்று உண்டு. அது தாயின் நேரம். காலை முதல் மாலை வரை மலையில் கொழுந்து பறித்தோ, விடியுமுன் எழுந்து இறப்பர் பால் வெட்டியோ வருபவளுக்கு ஒரு மணி நேர ஓய்வும் விலையுடையதே. சிக்கனம் என்ற பெயரால் அவள் முதுகின்மேல் மற்றொரு சுமையை ஏற்றுவது குடும்பத்துக்கு இலாபமாகாது.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. ஒரே லயத்தில் உள்ள மூன்று, நான்கு வீட்டார் சேர்ந்து மொத்தமாகப் பருப்பு வாங்கினால் விலை குறையும். சம்பளம் கிடைத்த வாரத்தின் ஓய்வு நாளில் ஒரு வீட்டில் வறுத்து, அரைகலம் உள்ள வீட்டில் அரைத்துப் பங்கிட்டால் விறகும் நேரமும் மிஞ்சும். பொறுக்குவதையும் தோல் நீக்குவதையும் வீட்டு ஆடவரும் வளர்ந்த பிள்ளைகளும் செய்யலாம். அதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டியதில்லை.

விழுதைப் பெருக்கும் வழியும் உண்டு. வறுத்த எள்ளைச் சிறிது சேர்த்தால் சுவை கூடும். சுண்ணாம்புச் சத்தும் சேரும். மூன்று பங்கு கடலைக்கு ஒரு பங்கு பொரிகடலை மாவைக் கலந்தால் செலவு குறைவதோடு, முன் கூறிய லைசின் குறையும் ஓரளவு நீங்கும். அவ்வாறு கலந்ததை ஒரு வாரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும். தேங்காய்ப் பூவும் வாழைப்பழமும் ஈரமுள்ளவை. போத்தலில் கலக்காமல், தட்டில் வைத்து உண்ணும்போது மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளைக் குறித்து இரண்டு சொற்கள். சிறு பிள்ளைகளுக்கு முழுக் கடலையைக் கொடுக்கலாகாது. அது மூச்சுக்குழாயில் சிக்கி உயிருக்கே ஆபத்தை விளைக்கும். விழுதும் கட்டியாகத் தொண்டையில் ஒட்டாதபடி மெல்லிதாகத் தடவியோ, கஞ்சியில் கரைத்தோ கொடுக்கப்பட வேண்டும். மேலும், கடலை ஒவ்வாதவர்கள் சிலர் உளர். உண்டவுடன் உதடு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல் என்பன தோன்றினால் கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கரப்பான் நோய் மிகுந்த குழந்தைக்கு முதன்முதல் கொடுக்குமுன் மருத்துவரையோ குடும்ப நல உத்தியோகத்தரையோ கேட்டறிதல் நன்று.

உலகில் பட்டினியால் மெலிந்த குழந்தைகளை மீட்பதற்கு 1990களில் பிரான்சு நாட்டில் உருவாக்கப்பட்ட சிறு பொதி உணவின் அடிப்படையும் கடலை விழுதே. பால் மா, சீனி, எண்ணெய், உயிர்ச்சத்துகள் ஆகியவற்றை அதனோடு கலந்து, நீர் சேர்க்காமலும் சமைக்காமலும் உண்ணத்தக்கதாகச் செய்தனர். ஏறத்தாழ 92 கிராம் எடையுள்ள அப்பொதி 500 கலோரி தருகின்றது. நீர் இல்லாமையால் அதில் கிருமிகள் எளிதிற் பெருகுவதில்லை. அம்மியில் ஒரு சொட்டு நீரும் படலாகாது என்று நாம் கூறியதும் இதே உண்மைதான். அப்பொதி நோயுற்ற குழந்தைக்கு மருத்துவர் அளிக்கும் சிகிச்சை. நம் வீட்டு விழுது அதற்கு ஈடாகாது. மெலிந்துவரும் பிள்ளையை நிறுத்துப் பார்க்கக் கிளினிக்குக்குக் கொண்டு செல்ல வேண்டுமேயன்றிக் கடலையை நம்பி இருத்தலாகாது.

இறுதியாக ஒன்று. சிக்கனம் என்பது செலவைக் குறைப்பதோடு முடிவதன்று. குறைந்த பணம் எங்கே சென்றது என்பதிலும் அது அடங்கியுள்ளது. போத்தலுக்கும் வீட்டு விழுதுக்கும் இடையே மிஞ்சும் தொகையைத் தனியே ஒரு தகரப் பேணியில் போட்டு வையுங்கள். மாத முடிவில் அதனைக் கொண்டு பருப்போ முட்டையோ வாங்குங்கள். கடலையில் இல்லாத சத்தை அது கொண்டுவரும். ரொட்டியும் விழுதும் பாதி செய்த வேலையை அந்தப் பருப்பு நிறைவு செய்யும்.